ஊட்டமே ஊறானபோது: நெடுங்காலச் சிரைவழி ஊட்டத்தின் வரலாறு

குடலின் உறிஞ்சும் திறன் நிலையாகக் குன்றி, வாய்வழி உணவால் மட்டும் உடலைக் காக்க முடியாத நிலையே நாட்பட்ட குடல் செயலிழப்பு. அரை நூற்றாண்டுக்கு முன் அது பெரும்பாலும் மரணத்தில் முடிந்தது. இன்று பலர் பத்தாண்டுகளைக் கடந்தும் வாழ்கிறார்கள். இம்மாற்றத்தைச் சிரைவழி ஊட்டக் கரைசலின் கண்டுபிடிப்போடு மட்டும் முடிச்சுப்போடுவது வழக்கம். கரைசல் உயிரை மீட்டது உண்மையே. ஆனால் மீட்ட உயிரை நீட்டித்தது, சிகிச்சை தானே விளைத்த தீங்குகளை ஒவ்வொன்றாக இனங்கண்டு அடக்கிய அனுபவ அறிவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் சிக்கல் கலோரி பற்றியதாகவே இருந்தது. ஸ்வீடனில் ஆர்விட் வ்ரெட்லிண்ட், சோயா எண்ணெயை முட்டையின் பாஸ்போலிப்பிடு கொண்டு பால்மமாக்கி, 1960களின் தொடக்கத்தில் 'இன்ட்ராலிப்பிட்'டைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக்கின் குழு செறிந்த குளுக்கோஸை நம்பியது. அது சிறு சிரைகளைப் புண்ணாக்கும். இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரையிலோ விரைந்தோடும் குருதி அதை உடனே நீர்க்கச் செய்யும். பீகிள் நாய்க்குட்டிகளை இவ்வாறு வளர்த்துக் காட்டிய பின், சிறுகுடலின் பெரும்பகுதி இன்றிப் பிறந்த ஒரு குழந்தைக்கு 1967இல் பிலடெல்பியாவில் இம்முறையைக் கையாண்டனர். குழந்தை எடை கூடி வளர்ந்தது. ஆனால் நெடுங்காலம் வாழவில்லை. வளர்ச்சியும் நீடித்த வாழ்வும் வெவ்வேறு சிக்கல்கள் என்பது அங்கேயே வெளிப்பட்டுவிட்டது.

இரண்டாவது சிக்கலுக்கு வழி, டயாலிசிஸ் அனுபவத்திலிருந்து வந்தது. சிறுநீரக நோயாளிகளுக்கு நெடுங்கால டயாலிசிஸைச் சாத்தியமாக்கிய சியாட்டில் நகரின் பெல்டிங் ஸ்க்ரிப்னர், குடலுக்கும் அதே பாதையை வகுத்தார். 1973இல் அறிமுகமான பிரோவியாக் கதீட்டர் மார்புத் தோலுக்கடியில் ஊடுருவிச் செல்லும் சிலிக்கோன் குழாய். அதைச் சுற்றிய டேக்ரான் பட்டையில் திசு வளர்ந்து குழாயை நிலைநிறுத்தும். இரவில் வீட்டிலேயே கரைசலை ஏற்றிக்கொண்டு பகலில் நடமாட முடிந்தது. கிருமித்தொற்றைத் தடுக்கும் பொறுப்பு நோயாளியின் கைக்கு மாறியது. வாழ்நாள் நீண்டதும் புதிய குறைகள் தலைகாட்டின. டொரன்டோவில் குர்ஷீத் ஜீஜீபாய் குழுவினர், ஆண்டுக்கணக்கில் சிரைவழி ஊட்டத்தில் இருந்த ஒரு பெண்ணின் நரம்புக் கோளாறும் சர்க்கரைக் கேடும் குரோமியம் தந்ததும் சீரானதை 1977இல் வெளியிட்டனர். நியூசிலாந்திலிருந்து 1979இல் செலினியக் குறைபாடு பதிவானது. உடலின் கையிருப்பு தீரும்வரை வாழ்ந்தவர்களிடம் மட்டுமே இவை தெரியக்கூடியவை.

கல்லீரல் பாதிப்பு இதைவிடக் கூர்மையான சான்று. நோயாளிகள் 90 பேரை ஆராய்ந்து 2000இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல் கொழுப்புப் பால்மம் பெறுவதைக் கடும் கல்லீரல் நோயோடு தொடர்புபடுத்தியது. கலோரிச் சிக்கலைத் தீர்த்த அதே பால்மம்தான் இது. 2006 முதல் பாஸ்டனில் மீன் எண்ணெய்ப் பால்மம் குழந்தைகளின் கல்லீரலைத் தேற்றியது. 2018இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. இது கலவையின் வெற்றிதானே எனலாம். ஆனால் மீன் எண்ணெய் கிலோவுக்கு 1 கிராம் அளவில் தரப்பட்டது. சோயா எண்ணெய் 3 கிராம் வரை தரப்பட்டு வந்தது. பலனில் எண்ணெயின் பங்கு எவ்வளவு, அளவுக் குறைப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆயுளைத் தீர்மானிப்பது எஞ்சிய குடலும் அடிப்படை நோயுமே என்பது வலுவான மறுப்பு. புற்றுநோய் இல்லாத 124 குறுங்குடல் நோயாளிகளைப் பற்றிய 1999ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வில் 2 ஆண்டு உயிர்வாழ்வு 86 விழுக்காடு, 5 ஆண்டு உயிர்வாழ்வு 75 விழுக்காடு. சிறுகுடல் 50 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களும் தமனி அடைப்பால் குடலை இழந்தவர்களும் பின்தங்கியது மெய்தான். எனினும் சிரைவழி ஊட்டத்தைச் சார்ந்திருப்பது உயிர்வாழ்வைக் குறைப்பதாக அந்த ஆய்வில் தெரியவில்லை. குடல் மாற்று அறுவையே உண்மைத் தீர்வு என்பாருக்கு 2011இன் ஐரோப்பிய ஆய்வு விடை சொல்கிறது. மாற்று அறுவை தேவைப்படாமல் வீட்டு ஊட்டத்தில் இருந்தோரில் 5 ஆண்டு உயிர்வாழ்வு 87 விழுக்காடு. மாற்று அறுவை பெற்றோரில் 54. பின்னவர்கள் கூடுதலாக நலிந்தவர்கள் என்பதால் இவ்விரு எண்களை நேருக்கு நேர் நிறுத்த முடியாது. ஆனாலும் வீட்டு ஊட்டத்தை மாற்று அறுவைக்கான காத்திருப்பு என்று மட்டும் சுருக்குவது தவறு என்பதற்கு இது போதும்.

இவ்வெண்கள் தேர்ந்த மையங்களின் எண்கள் என்ற ஐயமும் நியாயமானதே. ஆயினும் அது இவ்வாதத்தை மறுப்பதைவிட வலுவாக்குகிறது. தேர்ந்த மையம் தருவது வேறொரு கரைசலை அல்ல; குழாயைத் தொடுமுன் கை கழுவக் கற்பிக்கும் செவிலியரை, கல்லீரல் பரிசோதனையைப் பார்த்துக் கொழுப்பின் அளவைக் குறைக்கும் மருத்துவரை. அவர்கள் இல்லாத இடத்துக்குக் கரைசல் பையை மட்டும் அனுப்பினால், 1967இல் பெற்ற வளர்ச்சியை அது தரலாம்; அதன்பின் கற்றவற்றைத் தராது.