மூடி போட்ட தண்ணீர்: மேற்குப் புறநகரில் பறவைகளின் கோடை

சித்திரை பிறந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மொட்டைமாடிச் சுவர்மேல் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைப்பது இப்போது நிலைபெற்றுவிட்ட அறச்செயல். நானும் வைக்கிறேன். ஆனாலும் 'பறவைக்கு நாம் தண்ணீர் தருகிறோம்' என்கிற வாக்கியத்தில், 'நாம்' கொடுப்பவராகவும் பறவை இரந்து நிற்பதாகவும் ஆனது எப்போது என்கிற கேள்வியை வரலாற்றில் வைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பழைய செங்கற்பட்டுச் சீமைக்குள்தான் இந்தப் பகுதிகளும் இருந்தன, வேடந்தாங்கலும் இருந்தது. 1798இல் ஆட்சியர் லியோனல் பிளேஸ் வேடந்தாங்கல் ஊராருக்குப் பறவைகளைக் காக்கும் உரிமையைக் கவுலாக எழுதிக் கொடுத்தார். ஊரார் கேட்டதற்குக் காரணம் இரக்கம் மட்டும் என்று சொல்ல முடியாது. எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம். கொடுக்கல் வாங்கலில் பறவையும் ஒரு தரப்பு. இன்றைய 'பறவை நேசம்' என்னும் சொல்லாடலில் இந்தக் கணக்குக்கு இடமில்லை.

கொரட்டூர், அம்பத்தூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று இங்கேயும் ஏரிகள்தான். 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. அறுபதுகளில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது, 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. வேலையும் வீடும் வந்தன. எங்க குடும்பமும் அப்படி வந்து சேர்ந்ததுதான். வயல் போனதும் ஏரி வெறும் 'காலி இட'மாக வாசிக்கப்பட்டது. முகப்பேரில் ஒரு குடியிருப்புக்கு 'ஏரித் திட்டம்' என்றே பெயர். தண்ணீர் போய்விட்டது, சொல் பலகையில் நிற்கிறது.

அப்படியானால் அதற்கப்புறமும் சில பத்தாண்டுகள் பறவைகள் கோடையைத் தாண்டியது எப்படி? சிந்தலால் என்பேன். கிணற்றடி வாழை, துவைக்கிற கல், தெருமுனை அடிபம்பு, அதன் கீழே தேங்கும் ஒரு குழி. குடம் நிறைந்து வழிந்ததில் மைனாவும் தவிட்டுக்குருவியும் குளித்தன. முறத்தில் புடைக்கும்போது சிதறிய நொய் சிட்டுக்குருவிக்கு. எதையும் யாரும் 'வைக்க'வில்லை. பெண்களின் வீட்டு வேலை விட்டுவைத்த மிச்சம் அது. (இதைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். பொதுக்கிணறும் குழாயும் எல்லாச் சாதிக்கும் ஒன்றாக இருந்ததில்லை. 'அரிசிமாவுக் கோலமே நம் முன்னோரின் சூழலியல்' என்கிறவர்கள் யாருடைய முற்றத்தைப் பேசுகிறார்கள்?) பிறகு போர் போட்டோம், சம்ப் கட்டினோம், மாடியில் சின்டெக்ஸ் ஏற்றினோம். தண்ணீருக்கு மூடி வந்தது. முற்றத்துக்கு டைல்ஸ், அரிசிக்கு பாக்கெட். செல்போன் கோபுரம்தான் குருவியை விரட்டியது என்கிற கதைக்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் அது நமக்கு ரொம்ப சௌகரியமான கதை, குற்றவாளி வீட்டுக்கு வெளியே நிற்கிறான்.

2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர், ஆவடி, அம்பத்தூர் வழியாக வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. எல்லா வேகனும் மூடியதுதான். அந்தக் கோடையில் எங்க தெருவில் காக்கைகள் கூடிய இடம், தண்ணி லாரியின் குழாய் ஒழுகிய இடம்.

சட்டிக்கு வருவோம். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது, அதில் உடம்பின் நீரும் போகிறது. ஆழமான சட்டி சின்னக் குருவிக்கு ஆபத்து. இரண்டு விரல் ஆழத்தில் அகலமான மண்தட்டு, நடுவில் கால் ஊன்ற ஒரு கல், நிழல், பூனை பதுங்க முடியாத இடம், போதும். தினமும் கழுவி மாற்றணும். கொசு முட்டை முழுக் கொசுவாக ஒரு வாரம் போல ஆகும் என்பதால், தினம் மாற்றுகிற தட்டை டெங்குவுக்குக் குற்றம் சொல்ல முடியாது. இடமிருந்தால் ஒரு முருங்கை. பூத்தால் தேன்சிட்டு தானே வரும். அரிசி களைந்த தண்ணியை சிங்க்கில் கொட்டாமல் அதன் அடியில் கொட்டலாம், அந்த நாலடி மண்ணுக்கு மட்டும் சிமெண்ட் பூசாமல் விட்டிருந்தால்.

பருத்திப்பட்டு ஏரி 2019இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கொரட்டூர்க்காரர்கள் தங்கள் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அந்த மனுவைப் பறவைகள் சார்பாகவும் வாசிக்கலாம்.