கரைவெட்டியில் தண்ணீர் உள்ளவரை

திருச்சி காட்டூரில் எங்கள் அப்பாவுக்கு உய்யக்கொண்டான் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருந்தது. ஏர் பூட்டினால் கொக்குகள் பின்னாலேயே நடந்து வரும், புரண்ட சேற்றில் புழு பொறுக்கும். அந்த வயல் மனைக்கட்டாகி முப்பது வருஷம் ஆகிறது. கொக்குகளும் போய்விட்டன. பெல் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தை மாதந்தோறும் கரைவெட்டி ஏரிக்கு வண்டியை விடுகிறேன் என்றால், அந்த ஏக்கம்தான் காரணம்.

கொள்ளிடம் தாண்டி, லால்குடி, புள்ளம்பாடி வழியாக அரியலூர் மாவட்டத்துக்குள் போக வேண்டும். விடிகாலையில் கரை ஏறினால் பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாது, மூக்கால் கத்துவதுபோல ஒரு சத்தம் மட்டும் வரும். வரித்தலை வாத்துகள். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகின்றன. கருவி கட்டி அளந்தபோது 7,000 மீட்டருக்கும் மேலே பறந்திருக்கின்றன. அவ்வளவு உயரம் கடந்த பறவை நம் ஏரிக் கோரையில் தலை செருகித் தூங்குவதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

இந்த ஏரியை நிரப்புவது 1950களில் மேட்டூர்த் தண்ணீரை நம்பி வெட்டிய புள்ளம்பாடி வாய்க்கால். வெட்டியவர்கள் நினைத்தது நெல்லை மட்டும். ஆகஸ்டில் தலைமதகு திறந்து, ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டால் ஏரி ததும்பும். மேட்டூர் வறண்ட வருஷம் இங்கேயும் வெறிச்சோடும். 1990களின் கடைசியில் சரணாலயம் ஆனது, 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது. நல்லதுதான். ஆனால் மதகுக்குப் பிறகுதான் சரணாலயப் பலகையெல்லாம்.

நாரை போய்வரும் கணக்கு நமக்குப் புதிதல்ல. தெற்கே வந்து வடக்கே திரும்பும் என்று தெரிந்துதான் சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையைத் தூது விட்டார். காப்பதும் பழக்கம்தான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டுக் கவுல் என்ற காப்புச் சீட்டு வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் பயிர் தழைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பறவைக் காவலும் பாசனமும் அவர்களுக்கு ஒரே வேலை. எங்கள் காட்டூரில் வயல் போனதும் கொக்கையும் யாரும் தேடவில்லையே.

போன தையில் கரைவெட்டி வரப்பில் ஒரு பெரியவர் தகரத்தைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"ராத்திரியில வாத்து வந்து பயிர மேஞ்சிருதுங்க."

"கவட்டை எடுக்க மாட்டீங்களா, ஐயா?"

"அய்யய்யோ. தட்டுனா எந்திரிச்சுப் போயிரும், அவ்வளவுதான்." தகரத்தை வரப்பில் வைத்துவிட்டுக் கேட்டார்: "பேப்பர் பாத்தீங்களா தம்பி, மேட்டூர்ல எத்தன அடி நிக்குதாம்?"