வெனீர்: செங்கல்பட்டுக் கடற்கரை வீடுகளில் மரம் தகடான வரலாறு

மரக்கட்டையிலிருந்து மிக மெல்லியதாகச் சீவி எடுக்கப்படும் மரத்தகடே வெனீர் ஆகும். இதன் தடிப்பு பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். இத்தகட்டைப் பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையின் மேல் ஒட்டி மெருகேற்றி, அலமாரிக் கதவு, கட்டிலின் தலைப்பலகை, வரவேற்பறைச் சுவர் ஆகியவற்றுக்குப் பயன்படுத்துகின்றனர். சென்னையிலிருந்து முட்டுக்காடு, கோவளம் வழியாக மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துப் புதிய வீடுகளில் தேக்கு என்று கண்ணுக்குத் தெரிவது பல இடங்களில் இத்தகடுதான். பழைய தேக்குக் கதவுகளைத் தொட்டுப் பழகிய மூத்தோர் இதனைப் போலி மரம் என்று ஒதுக்குவதுண்டு. மரத்தகடு வீட்டுக்குள் வந்த வழியைப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு முழுவதும் சரியன்று என்பது தெரியும்.

மரத்தைப் பார்த்துச் செய்த கல்

ஒரு பொருளுக்கு வேறொரு பொருளின் தோற்றத்தைத் தருவது இக்கடற்கரைக்குப் புதிதன்று. விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் உள்ள குடைவரைக் கல்வெட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகியவை இல்லாமல் இக்கோயிலை அமைத்ததாக 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பெருமையுடன் கூறுகிறான். அதற்கு முன் கோயில்கள் இப்பொருள்களால்தான் கட்டப்பட்டன என்பது இதனால் விளங்கும். ஆயினும் அவனுக்குப் பின் மாமல்லபுரத்தில் செதுக்கிய சிற்பிகள் மரத்தை மறந்துவிடவில்லை. திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசையின் வடிவம் கொண்டது. பீம ரதத்தின் வளைந்த கூரை, மரச்சட்டங்களை வளைத்துக் கட்டிய வண்டிக்கூண்டுக் கூரையைப் பின்பற்றியது. கூடுகளின் உட்புறத்தில் மரச்சட்ட முனைகளைக் கூடக் கல்லில் காட்டியுள்ளனர். அவர்கள் பார்த்துச் செதுக்கிய மரக்கட்டடங்கள் எவையும் இன்று இல்லை. மழையும் உப்புக்காற்றும் கரையானும் அவற்றை விட்டுவைக்கவில்லை. இன்று இதே கரையில் வீடு கட்டுவோரும் இம்மூன்றையும் எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

எளிய மக்களின் வீடுகளில் மரம் என்பது பெரும்பாலும் பனையாகவே இருந்தது. பனைமரத்தைப் பிளந்து கைமரமாகவும் வாரையாகவும் பயன்படுத்தினர். வேம்பும் பூவரசும் கதவுக்கும் பெட்டிக்கும் உதவின. வசதி படைத்தோரின் ஓடு வேய்ந்த வீடுகளிலும், மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளம் போட்ட வீடுகளிலும் தேக்கு இடம்பெற்றது. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்தரங்களின் மேல் சட்டங்களைப் பரப்பி, சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணச்சாந்தால் பிணைக்கும் முறையாகும்.

தகடு சீவும் பழைய கலை

மரத்தகடு ஒட்டும் கலை இயந்திரக் காலத்தில் பிறந்ததன்று. கிறித்துவுக்கு முன் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையில் கருங்காலியும் தந்தமும் தகடாக ஒட்டப்பட்ட பொருள்கள் கிடைத்துள்ளன. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, ஒரே மரத்தைப் பலமுறை விற்பதற்காக மெல்லிய தகடுகள் கண்டுபிடிக்கப்பட்டன என்ற கருத்தில் சற்றே கேலியாக எழுதியுள்ளார். இன்றைய மூத்தோரின் குறைகூறலும் ஏறக்குறைய அதுவே.

சோழமண்டலக் கடற்கரையின் வடபகுதியில், விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள் 18-ஆம் நூற்றாண்டில் மரப்பெட்டிகளிலும் மேசைகளிலும் தந்தத் தகட்டை ஒட்டிக் கோட்டோவியம் தீட்டினர். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் அவற்றை விரும்பி வாங்கினர். அன்று தகடு என்பது ஆடம்பரத்தின் அடையாளம். மலிவுப் பொருள் என்ற பெயர் அதற்குப் பின்னால்தான் வந்தது.

பர்மா தேக்கும் முட்டுக்காடும்

1852-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானது. அங்குத் தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா தேக்கைக் கப்பல்களில் கொண்டுவந்து செட்டிநாட்டில் வீடு கட்டினர். முழு மரத்தில் கடைந்த தூண்களும், கைப்பிடி அளவுக்குச் செதுக்கல் நிறைந்த நிலைகளும் அவ்வாறு எழுந்தவை. தென்னிந்தியாவிலும் தேக்கு குறைந்துவருவதை அரசு உணர்ந்திருந்தது. மலபார் ஆட்சியராக இருந்த கொனோலியின் முயற்சியால், சாத்து மேனோன் என்ற அலுவலர் 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வளர்த்தது இதனால்தான். நட்ட தேக்கு நல்ல மரமாக அறுபது, எழுபது ஆண்டுகள் தேவை. தேவையோ காத்திருக்கவில்லை.

1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தது. நகரத்தார் திரும்பிவந்தனர். பெரிய வீடுகளைப் பராமரிக்க இயலாத குடும்பங்கள் பின்னாளில் அவற்றை இடித்து விற்றன. தூண் ஒரு ஊருக்கும் கதவு ஒரு ஊருக்குமாகப் போயின.

அவ்வாறு இடிபட இருந்த வீடுகள் சில செங்கல்பட்டுக் கடற்கரைக்கு வந்தன. டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்னும் அருங்காட்சியகத்தை அமைத்தது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் அவருடன் பென்னி குரியகோசும் இதன் வடிவமைப்பில் பங்கேற்றனர். தென்மாநில வீடுகளை வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, எண்ணிட்டு, லாரியில் ஏற்றிவந்து மீண்டும் நிறுத்தினர். செட்டிநாட்டு வணிகர் வீடும், கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடும் இவற்றுள் அடங்கும். ஒரு வீட்டைப் பிரித்து மறுபடி கோக்க முடிந்தது எதனால் என்பதை மாணவர்கள் அங்குச் சென்று கவனிக்க வேண்டும். அவ்வீடுகளின் மரவேலை கழுந்தும் துளையுமாகப் பொருத்தப்பட்டது. ஆணியையும் பசையையும் மட்டும் நம்பிய வேலையை அவ்வாறு கழற்ற முடியாது.

தேயிலைப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு

பிளைவுட் இந்தியாவுக்கு வந்தது வீட்டு அலங்காரத்துக்காக அன்று, தேயிலைக்காக. அசாம் தேயிலை இங்கிலாந்துக்குச் செல்ல, எடை குறைந்த, வலுவான பெட்டி தேவைப்பட்டது. பென்சில் சீவுவதுபோல மரக்கட்டையைச் சுழற்றித் தகடாக உரிக்கும் இயந்திரம் 19-ஆம் நூற்றாண்டில் பரவியதும், தகடுகளின் ரேகைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும்படி ஒட்டிப் பெட்டிகள் செய்தனர். முதலில் வெளிநாட்டிலிருந்தே அவை வந்தன. இரண்டாம் உலகப்போரில் இறக்குமதி தடைபட்டதும் உள்நாட்டு ஆலைகள் வளர்ந்தன. கண்ணூர் அருகே வளபட்டணத்தில் வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ் 1945-இல் தொடங்கப்பட்டது. அந்தமானின் சாத்தம் தீவில் 1883 முதல் இயங்கிய அரசு மர அறுவை ஆலையிலிருந்து படாக் போன்ற மரங்கள் தாய்நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்துகொண்டிருந்தன. 1960-களில் பெங்களூரில் பிளைவுட் ஆராய்ச்சிக்கென ஒரு நிறுவனமும் ஏற்பட்டது.

ஆசாரிமார் இப்பலகையை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இழைப்புளிக்கு வேலை இல்லாத பலகை அது. ஆனால் எட்டடிக்கு நான்கடி அளவில் வெடிப்பில்லாத ஒரே பலகையை எந்த மரமும் தராது. அடுக்குமாடி வீடுகளும் சுவரோடு பொருந்திய அலமாரிகளும் வந்தபின் பிளைவுட்டே தச்சுவேலையின் அடிப்படையாயிற்று. அதன் மேல் மைக்கா ஒட்டுவது ஒரு வழி, வெனீர் ஒட்டுவது மற்றொரு வழி.

1996 டிசம்பர்

வெனீரின் வரலாற்றில் முக்கியமான திருப்பம் நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதைக் கண்டு, நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். ஆங்கிலேயர் தேக்கு நட்ட அதே நிலம்பூர்தான் இது. 1996 டிசம்பர் 12 அன்று வந்த ஆணை, அரசு ஏற்ற செயல்திட்டப்படி அன்றிக் காடுகளில் மரம் வெட்டுவதை நாடு முழுவதும் நிறுத்தியது. அருணாசலப் பிரதேசத்தின் சில பகுதிகளிலும் அதன் எல்லையை ஒட்டிய அசாமிலும் இருந்த மர அறுவை ஆலைகள், வெனீர் ஆலைகள், பிளைவுட் ஆலைகள் ஆகியவற்றை மூடச் சொன்னது. 2002-இல் வந்த மற்றோர் ஆணைக்குப் பின், புதிதாக இத்தகைய ஆலை தொடங்கவே தனி அனுமதி தேவைப்பட்டது. தமிழகத்தில் ஈட்டி மரத்தைக் காக்க 1994-இலேயே ஒரு சட்டம் வந்திருந்தது.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது அதே மாதம் 14-ஆம் நாள். முழுத்தேக்கு வீடு அருங்காட்சியகப் பொருளானதும், வெட்டும் காடு மூடப்பட்டதும் ஒரே வாரத்தில் நடந்தவை. இது தற்செயலே என்றாலும் நினைவில் வைக்கத் தக்கது.

இதன்பின் ஆலைகள் காட்டை விட்டு வயலை நோக்கின. அரியானாவின் யமுனாநகரில் உழவர் வளர்த்த பாப்லர் மரமும், கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரமும் பிளைவுட் ஆயின. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி மலைவேம்பை இதற்கென உழவரிடம் பரப்பியது. மேலே ஒட்டும் தேக்கு, ஓக், வால்நட் தகடுகளுக்கு வெளிநாட்டு மரம் தேவைப்பட்டது. மியான்மரும் 2014 ஏப்ரல் முதல் உருண்டை மரக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டங்களில் வளர்ந்த தேக்கு இன்று வருகிறது. மரவாடிகளில் பர்மா என்ற சொல் மட்டும் தரத்தைக் குறிக்கும் பெயராக நிலைத்துவிட்டது. ஆகவே அப்பெயரைக் கேட்டதும் மரம் அங்கிருந்து வந்தது என்று கொள்ளலாகாது.

வெனீரின் பக்கமுள்ள நியாயம் எளிய கணக்கில் அடங்கும். ஒரு கன அடித் தேக்கை ஓர் அங்குலப் பலகையாக அறுத்தால், வாள் தின்னும் தூள் போக 12 சதுர அடிக்கும் குறைவாகவே கிடைக்கும். ஓர் அலமாரியின் ஒரு கதவுக்கே அது போதாமல் போகலாம். அதே கன அடியை அரை மில்லிமீட்டர் தகடாகச் சீவினால் கணக்குப்படி ஏறத்தாழ 600 சதுர அடி வரும். கழிவு போனாலும் ஒரு வீட்டின் பல அறைகளுக்குப் போதும். பிளினி கேலி செய்ததை இன்று சிக்கனம் என்றே சொல்ல வேண்டும். தகட்டை முழுமரம் என்று சொல்லி விற்றால்தான் அது ஏமாற்று.

கடற்கரை வீட்டில் தேர்ந்தெடுத்தல்

மயமதம் முதலிய சிற்ப நூல்கள் மரம் தேர்ந்தெடுக்கத் தனி இயலே ஒதுக்கியுள்ளன. இடி விழுந்ததும் தீப்பட்டதும் அவற்றில் விலக்கப்படுகின்றன. வெனீர் வாங்குவோர் பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் பார்க்க வேண்டியது அடிப்பலகை. கெடுவது பெரும்பாலும் அதுவே. பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303, மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710, அலங்கார வெனீர் ஒட்டிய பலகைக்கு ஐ.எஸ். 1328 ஆகியவை இந்தியத் தர நிர்ணயங்கள். 303-இலும் ஈரப்பதம் தாங்கும் எம்.ஆர். வகை, கொதிநீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். வகை என இரண்டு உண்டு. யூரியா பசையால் ஆனது முதல் வகை. ஃபீனால் பசையால் ஆனது இரண்டாம் வகை. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் முதல் வகையை வாங்கிப் பணத்தை மிச்சம் பிடிப்பது வீண். ஐப்பசி, கார்த்திகை மழையில் முழுமரக் கதவே ஊதி இறுகுகிறது. பசை விட்ட பலகை அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்.

அடுத்தது ரேகை. கட்டையின் நடுவழியே நேராகச் சீவினால் கோபுர வடிவ ரேகை வரும். கால் பாகமாகப் பிளந்து சீவினால் நேர்கோடுகளாக வரும். பின்னது பெரிய சுவருக்கு அமைதியான தோற்றம் தரும். அடுத்தடுத்து சீவிய தகடுகளைப் புத்தகத்தின் இரு பக்கங்கள்போல விரித்து ஒட்டினால் ரேகைகள் எதிரொளித்து நிற்கும். இதற்கு ஒரே கட்டையின் தகடுகள் வேண்டும். எனவே முழு வேலைக்கும் தேவையானதை ஒரே முறையில் வாங்கி, தாள்களை வெளிச்சத்தில் விரித்து வரிசைப்படுத்திய பிறகே வெட்டச் சொல்வது நல்லது. ரீகான் என்று விற்கப்படுவது, விரைவில் வளரும் மரத்தின் தகடுகளுக்குச் சாயமேற்றிக் கட்டையாக ஒட்டி மறுபடி சீவியது. ஒரே சீரான தோற்றம் வேண்டுவோருக்கு அது பொருந்தும். மரத்தின் கணுவையும் நிறமாற்றத்தையும் விரும்புவோருக்குப் பொருந்தாது.

பலகையின் ஒரு பக்கம் மட்டும் வெனீர் ஒட்டினால் அது நாளடைவில் வளைந்துவிடும். மறுபக்கத்தில் மலிவான தகடாவது ஒட்ட வேண்டும். ஓரங்களை மூடாமல் விட்டால் ஈரம் அவ்வழியே ஏறும். கண்ணுக்குத் தெரியாத பின்புறத்துக்கும் பாலிஷ் தேவை. கிழக்கு நோக்கிய பெரிய சன்னல்கள் கொண்ட கடலோர வீடுகளில் வெயில் படும் இடத்தில் நிறம் மாறும். திரைச்சீலையே அதற்கு மருந்து. குளியலறைக்கு வெனீர் ஆகாது. சமையலறையில் அடுப்பையும் தொட்டியையும் ஒட்டிய இடங்களில் மைக்காவே மேல்.

வெனீருக்கு ஒரு குறை உண்டு. அதை விற்பவர் சொல்வதில்லை. நூறாண்டுத் தேக்குக் கதவில் கீறல் விழுந்தால் இழைத்துவிடலாம், இன்னும் பத்துமுறை இழைக்க மரம் மிச்சமிருக்கும். அரை மில்லிமீட்டர் தகட்டை உப்புத்தாளால் மெல்லத் தேய்ப்பதே ஓரிரு முறைதான் முடியும். தவறினால் அடிப்பலகை தெரிந்துவிடும். முட்டுக்காட்டு வீட்டைப்போல இதைக் கழற்றி இன்னொரு தலைமுறை வேறிடத்தில் பூட்டவும் முடியாது. இதனால் இப்பகுதியின் அனுபவமிக்க தச்சர்கள் ஒரு நடுவழியைக் கையாள்கின்றனர். வாசல் நிலை, தலைவாசற்கதவு, சன்னல் சட்டம் என மழையும் கையும் படும் இடங்களுக்கு முழுமரம். உள்ளறை அலமாரி, சுவர்ப்பலகை போன்றவற்றுக்கு வெனீர். அலமாரியைச் சுவரிலிருந்து ஓர் அங்குலமாவது விலக்கிப் பொருத்தி, மழைக்காலம் முடிந்ததும் பின்புறத்தில் கரையான் மண் ஏறியுள்ளதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும் என்பதும் அவர்கள் சொல்வதே.