நீராவி உருளையும் அதனை ஓட்டியோரும்

கண்டிக்கு வருவோர் வாவியின் அழகைக் காண்கின்றனர். தலதா மாளிகையைத் தரிசிக்கின்றனர். ஹந்தானை மலையை அண்ணாந்து பார்க்கின்றனர். தாம் நடந்து வந்த வீதியை மட்டும் ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. காலுக்கு இதமாயிருக்கும் வரையில் வீதியென்று ஒன்று உண்டு என்பதே நமக்கு நினைவில்லை. குழி விழுந்த அன்றோ மாநகர சபையை வையத் தொடங்கிவிடுகின்றோம். ஆகவே இம்மலரிலே வீதியைப் பற்றியும், அதனைச் சமன்செய்த நீராவி உருளையைப் பற்றியும், அதனை ஓட்டிய மனிதரைப் பற்றியும் சில சொல்ல விரும்புகின்றோம்.

நம்மிலே முதியவர்களுக்கு அவ்வியந்திரம் புதிதன்று. “றோலர் வருது!” என்று ஒரு பையன் கூவினால் போதும், தெருவிலுள்ள சிறுவர் அனைவரும் ஓடிவந்து மதகுக் கட்டின்மேல் வரிசையாக அமர்ந்துவிடுவோம். முன்னாலே ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடப்பார். பின்னாலே புகை கக்கிக்கொண்டு, பக்கத்துச் சக்கரம் சுழல, நிலம் அதிர, அது மெல்ல மெல்ல ஊர்ந்து வரும். ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை, நடந்தே முந்திவிடலாம். எண்ணெயும் கரிப்புகையும் நனைந்த கல்லும் கலந்த அந்த மணம் இன்றும் நம் நாசியில் நிற்கின்றது. மேலே நின்ற சாரதி கரி படிந்த முகத்தோடு நம்மைப் பார்த்துச் சிரித்தால், அன்று முழுவதும் நமக்கு அதுவே பேச்சு. ஆனால் அவருடைய பெயர் என்னவென்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் குறையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இனி வீதியின் கதையைச் சிறிது பார்ப்போம். 1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. மலையும் காடும் அரணாக நின்ற நாட்டைப் பிடித்தோர், அதனை வைத்திருக்க வீதி வேண்டுமென உணர்ந்தனர். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருவீதி வெட்டப்பட்டது. அப்பணியை நடத்திய கப்டன் டோசன் 1829இல் காலமானார். அவர் நினைவாக 1832இல் கடுகண்ணாவையில் எழுப்பப்பட்ட உயர்ந்த கோபுரத்தை, கொழும்புக்குப் பயணஞ்செய்யும் நாம் யாவரும் அறிவோம்.

அவ்வீதியில் மண் வெட்டியவர் யார்? இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின்கீழ் அழைத்துவரப்பட்ட கிராமத்து மக்களே பெரும்பாலோர். அந்த ஊழியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. எனினும் 1848இல் வந்த வீதிச் சட்டம், வளர்ந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அன்றேல் பணம் செலுத்த வேண்டும் என்றது. அவ்வாண்டு மாத்தளையிலும் கண்டிப் புறங்களிலும் மூண்ட கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம்மவரிலும் பலர் வீதி வேலைக்குச் சேர்ந்தனர்.

1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கண்டிக்கு மாநகர சபை கிடைத்தது. 1866 மார்ச்சு மாதத்தில் அதன் முதற் கூட்டம் நடைபெற்றது. அடுத்த ஆண்டு, 1867இல், புகையிரதமும் கண்டியை வந்தடைந்தது. அக்காலத்து வீதி மக்காடம் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் வகுத்த முறையில் அமைந்தது. உடைத்த கருங்கல்லைப் பரப்பி நெருக்கினால், கல்லின் முனைகள் ஒன்றோடொன்று கவ்வி உறுதியான தளமாகிவிடும். நடுவிலே சற்று மேடாக வைத்தால் மழைநீர் இருபுறமும் வடிந்துவிடும். இரு பருவ மழையும் நனைக்கும் நம் நகருக்கு இம்முறை ஏற்றதே. ஆயின் கல்லை நெருக்குவதற்குக் கல்லுருளைகளை மனிதரும் மிருகங்களும் இழுக்க வேண்டியிருந்தது. எஞ்சியதை வண்டிச் சக்கரங்கள் நாளடைவில் மிதித்துச் சரிசெய்யும் என்று விட்டுவிடுவதும் வழக்கம்.

இந்நிலையை மாற்றியதே நீராவி உருளை. அதன் வரலாற்றிலே நம் அயல்நாட்டுக்கும் பங்குண்டு. 1863ஆம் ஆண்டளவில், கல்கத்தா நகரின் பொறியியலாளரான வில்லியம் கிளார்க், அந்நகரின் வீதிகளுக்காக நீராவியால் ஓடும் உருளையொன்றை, பேர்மிங்காமைச் சேர்ந்த பாத்தோ என்பவருடன் சேர்ந்து வகுத்தார். இங்கிலாந்தின் ரொச்செஸ்டர் நகரத்துத் தொமஸ் ஏவ்லிங் 1865இல் தமது இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்து, 1867 முதல் விற்கத் தொடங்கினார். அவருடைய ஏவ்லிங் அன்ட் போர்ட்டர் கம்பெனி இவ்வியந்திரங்களைச் செய்வதில் உலகிலே முதலிடம் பெற்றது. அக்கம்பெனியின் உருளைகளின் முகப்பிலே, பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் குதிரையொன்று பித்தளையிலே மின்னும். அது கென்ற் மாகாணத்தின் சின்னம். ஒருவராலும் வெல்லப்படாதது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லொன்றும் அதனடியில் இருக்கும்.

வெல்லப்படாத அவ்விரும்புக் குதிரையையும் அடக்கி நடத்த ஒரு மனிதர் வேண்டியிருந்தது. அவர் வேலை எத்தகையது என்பதை இக்காலத்து இளைஞர் அறிதல் நன்று.

சாவியைத் திருப்பியதும் புறப்படும் வண்டியன்று அது. மற்றோர் வேலைக்கு வருமுன்னரே சாரதி வந்து அடுப்பை மூட்ட வேண்டும். நிலக்கரியோ விறகோ இட்டு, நீர் கொதித்து, வேண்டிய அமுக்கம் ஏறுவதற்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் செல்லும். அதற்குள் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் இட்டுத் துடைக்க வேண்டும். மாலையிலே நெருப்பைத் தணித்துச் சாம்பலை வாரிய பின்பே வீடு திரும்பலாம்.

பத்துத் தொன் எடையுள்ள அவ்வியந்திரத்தை ஓட்டுவதிலும் நுட்பமுண்டு. கல் பரப்பிய வீதியில் அது ஓரிடத்தில் நின்றுவிட்டால் அவ்விடம் பள்ளமாகிவிடும். ஆகவே முன்னே சென்று முடிந்த கணத்திலேயே பின்னே திருப்ப வேண்டும். முன்னுருளையைத் திருப்புவது சங்கிலி; அது உடனே இழுபடாது. வளைவு வருமுன்பே கைச்சக்கரத்தைப் பல சுற்றுச் சுற்றத் தொடங்க வேண்டும். வீதியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, முந்திய தடத்தின்மேல் அடுத்த தடம் ஒரு பகுதி ஏறும்படி உருட்ட வேண்டும்.

இவையெல்லாம் சமவெளிக்கும் பொருந்தும். கண்டியின் கதை வேறு. அம்பிட்டியவுக்கும் அனிவத்தைக்கும் ஏறும் வீதிகளை நினைத்துப் பாருங்கள். வழுவழுப்பான இரும்புச் சக்கரம் ஈரத்திலே வழுக்கும். மோட்டார் வண்டியில் உள்ளது போலக் காலை வைத்ததும் பிடிக்கும் தடுப்புக் கருவி அதற்கில்லை; நீராவியின் போக்கை மாற்றியே வேகத்தை அடக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து கொதிகலத்துக்குள் இருந்தது. இயந்திரம் பள்ளத்தை நோக்கி இறங்கும்போது உள்ளிருக்கும் நீர் முன்பக்கம் ஓடிச் சேரும். பின்பக்கத்து அடுப்பறையின் மேற்றகடு நீரின்றி வெறுமையாகிவிட்டால், நெருப்பிலே அது மெலிந்து கொதிகலம் வெடிக்கவுங் கூடும். அதனைத் தடுக்க அத்தகட்டிலே ஈயத்தாலான ஓர் அடைப்பு வைத்திருப்பர். சூடு மிஞ்சினால் ஈயம் உருகி, நீராவி பாய்ந்து நெருப்பைத் தணித்துவிடும். உயிர் தப்பும், ஆனால் அன்றைய வேலை நின்றுவிடும். ஆகவே மலைநாட்டுச் சாரதியின் ஒரு கண் வீதியிலும், மறு கண் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயிலும் இருக்க வேண்டும். எத்தனை நீர் விட்டு, எந்தச் சரிவிலே எப்படி இறங்குவது என்பதை அவர் அனுபவத்தாலேயே கற்றார்.

அவர் தனியராகவும் வேலை செய்யவில்லை. கருங்கல்லைச் சுத்தியலால் உடைத்துக் குவித்த ஆண்களும் பெண்களும், கூடையிலே சுமந்து பரப்பியவர்களும், நீர் தெளித்தவர்களும், இரவிலே சிவப்பு விளக்கேற்றி வீதியோரத்துக் குடிசையில் காவலிருந்தவரும் அக்கூட்டத்தினரே. மோட்டார் வண்டிகள் பெருகிய பின் தூசியை அடக்கத் தார் வந்தது. கொதிக்கும் தாரின் முன் நின்றவர்களின் கால்களிலே சாக்குத் துண்டே பாதணி. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என எல்லா மக்களின் வியர்வையும் நம் வீதிகளிலே கலந்துள்ளது.

அவர்களிலே இந்திய வமிசாவளித் தமிழர் அடைந்த இன்னல் தனியானது. 1939இல் அரசாங்கப் பகுதிகளிலே நாட்கூலிகளாயிருந்த இந்தியத் தொழிலாளரை வேலையினின்றும் நீக்கும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. அதுபற்றிப் பேச அவ்வாண்டு யூலையில் நேரு இலங்கை வந்தார். அப்போதே இலங்கை இந்தியன் காங்கிரசும் தோன்றியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரைப் பற்றிய முடிவு 1974இல் ஏற்பட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்பே இந்தப் பிரச்சினை ஓரளவு தீர்ந்தது. மகியாவையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மாநகர சபைத் தொழிலாளர் குடும்பங்களைக் கேட்டால், இவை ஏட்டிலுள்ள ஆண்டுகள் அல்ல என்பது விளங்கும். ஊருக்கு வழி அமைத்தவனைப் பார்த்து ‘உன் ஊர் எது?’ என்று கேட்ட காலம் அது.

நீராவி உருளையின் காலமும் முடிந்தது. டீசல் இயந்திரம் வந்தது. அடுப்பு மூட்டும் வேலை ஒழிந்தது. இன்று பழைய உருளையைக் காண விரும்புவோர் கிரிபத்கும்புரைக்குச் செல்லலாம். கொழும்பு வீதியிலே, பேராதனைக்கும் பிலிமத்தலாவைக்கும் இடையிலுள்ள அவ்வூரில், வீதி அபிவிருத்தி அதிகார சபையின் நெடுஞ்சாலை நூதனசாலை இருக்கின்றது. பழைய நீராவி உருளைகளும், தார் காய்ச்சும் கலங்களும், கல்லுருளைகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. சிறுவயதில் நம்மை நடுங்கவைத்த இயந்திரம் இப்போது அசைவற்று நிற்பதைக் கண்டபோது, பழைய நண்பரைக் கண்டாற் போன்ற உணர்ச்சி உண்டாயிற்று.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வீதியைத் திட்டமிட்ட கப்டனுக்குக் கோபுரம் இருக்கின்றது. இயந்திரத்தைச் செய்த கம்பெனிக்கு இரும்பிலே வார்த்த பெயர்ப்பலகை இருக்கின்றது. அதனை மலைச் சரிவுகளிலே உயிரைப் பணயம் வைத்து ஓட்டியவருக்கோ, கல்லுடைத்த தாய்மாருக்கோ கல்லிலும் பெயரில்லை, இரும்பிலும் பெயரில்லை. அவர்கள் பெயர் இன்று எஞ்சியிருப்பது முதியவர் சிலரின் நினைவிலே மட்டுமே. அந்நினைவும் நெடுங்காலம் நில்லாது.

ஆதலின் நம் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். கோபுரம் கட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஒரு கொப்பியும் பேனாவும் போதும். விடுமுறை நாளொன்றிலே உங்கள் தாத்தாவிடம், அயல்வீட்டு அப்பாயியிடம் சென்று உட்காருங்கள். எந்த வீதியில் யார் கல்லுடைத்தார், யார் தார் ஊற்றினார், யார் றோலர் ஓட்டினார் என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் சொல்லும்படியே எழுதி, நாளும் ஊரும் குறித்து வையுங்கள். முதியவர்களே, நீங்களும் கேட்கும் வரை காத்திராமல் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மலரிலே அப்பெயர்கள் ஒரு பக்கத்தையாவது நிரப்புமாயின், மதகுக் கட்டிலே அமர்ந்து வேடிக்கை பார்த்த நாம், அன்று கேட்க மறந்த கேள்விக்கு இன்றாவது விடை பெற்றவராவோம்.