கூட்டு இனவரைவியல்: வன்னிப் பெருநிலப்பரப்பு

கூட்டு இனவரைவியல் என்பது ஆய்வாளரும் ஆய்வுக்குரிய மக்களும் கேள்வியை வகுப்பது முதல் நூலை எழுதி முடிப்பது வரை சேர்ந்து செய்யும் கள ஆய்வு முறை. தகவல் சொன்னவருக்கு முன்னுரையில் நன்றி கூறுவதோடு இது முடிவதில்லை. வரைவை அவரிடமே வாசித்துக் காட்டி, அவர் மறுப்பதைத் திருத்த வேண்டும். அல்லது மறுப்பையும் சேர்த்து அச்சிட வேண்டும். அமெரிக்க மானிடவியலாளர் லூக் எரிக் லாசிட்டர் 2005 இல் வெளியிட்ட கைநூல் இம்முறையை வகுத்துரைத்தது. பழக்கம் அதைவிடப் பழையது. மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸ் குவாக்கியூட்ல் பழங்குடியினரைப் பற்றிச் செய்த ஆய்வுகளுக்கு வேண்டிய தரவுகளில் பெரும்பகுதியை எழுதி அனுப்பியவர் அந்த மக்களிடையே வளர்ந்த ஜோர்ஜ் ஹண்ட்.

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி பற்றிய பழைய எழுத்தில் இந்தக் கூட்டு இல்லை. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலை இன்றும் தவிர்த்துவிட முடியாது. ஆனால் அது ஆங்கிலேய நிர்வாகியின் நூல்; ஊரவர் அதில் விவரிக்கப்படுகிறார்கள், பேசுவதில்லை.

2009 மே மாதம் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு வன்னியில் கதை கேட்க வராதவர் இல்லை என்றாயிற்று. இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பதிவுகள். 2010 இல் கிளிநொச்சியில் அமர்ந்த நல்லிணக்க ஆணைக்குழு. 2014 இல் காணாமற்போனோர் பற்றிய ஆணைக்குழு. இடையிடையே தொண்டு நிறுவனப் படிவங்கள். ஆய்வாளர் இந்த வரிசையில் கடைசி ஆள். எனவே நூலட்டையில் இன்னொரு பெயரைச் சேர்ப்பது இங்கே பெரிய காரியமல்ல. எதை, எந்த வடிவில் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்பவரே தீர்மானிக்கிறாரா என்பதுதான் கேள்வி.

ராதிகா ஹெட்டியாராச்சி முன்னெடுத்த ‘ஹேர்ஸ்டோரீஸ்’ ஆவணத் திட்டம் இதற்கு அருகில் வருகிறது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா உட்பட வடக்கிலும் தெற்கிலும் பல மாவட்டங்களின் தாய்மார் இதில் தங்கள் வரலாற்றைத் தாங்களே பதிந்தனர். கேள்விக்கொத்துக்குப் பதிலாகக் கைப்படக் கடிதம், நினைவில் நிற்கும் ஊரின் வரைபடம், காலக்கோடு, ‘வாழ்க்கை மரம்’ என்னும் ஓவியம் ஆகியவை பயன்பட்டன. கடிதத்தில் ஒரு வசதி உண்டு: எழுதுபவர் விரும்பாததை யாரும் குறுக்குக் கேள்வி போட்டு வாங்க முடியாது.

பென்ஜமின் டிக்ஸ் எழுதி லின்ட்சே பொலொக் வரைந்த ‘வன்னி’ (2019) என்னும் சித்திர நாவல் வேறு வழியில் போகிறது. ஐ.நா. ஊழியராக வன்னியில் இருந்தவர் டிக்ஸ். 2008 செப்டெம்பரில் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது மக்கள் அதன் அலுவலக வாசலில் கூடி, போகவேண்டாம் என்று மன்றாடினார்கள். பின்னர் அகதிகளிடம் எடுத்த நேர்காணல்கள் இந்நூலில் கற்பனையான ஒரே குடும்பத்தின் கதையாயின. ஒளிப்படம் காட்டிக்கொடுக்கும் முகத்தைக் கோட்டோவியம் மறைத்துவிடும். நிகழ்ந்தது மட்டும் மறையாது. அதற்கொரு விலையும் உண்டு: பலர் வாழ்வு ஒன்றாகக் கலந்தபின், இது என் கதை என்று எவரும் உரிமை கோர முடியாது.

மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியின் கூட்டு மனவடு குறித்து 2010 இல் வெளியிட்ட ஆய்வு, உள்ளூர்ச் சமூகத்தைச் சேர்ந்தவரே ஆய்வாளராக இருந்ததற்கு எடுத்துக்காட்டு. வெளியாரின் ஆய்வுகளில் அதிகம் பேசப்படாதவர் களத்துணைவர். மொழிபெயர்ப்பவரும் வீடு காட்டுபவரும் அவரே; ஆய்வாளர் விமானம் ஏறிய பின் ஊரில் பதில் சொல்லவேண்டியவரும் அவரே. அவர் பெயர் அச்சில் வந்தால் ஆபத்து, வராவிட்டால் உழைப்பு காணாமற்போகும்.

பெயரை வெளியிட்ட கூட்டுக்கு மட்டக்களப்பு ஊடகவியலாளர் தராக்கி சிவராம் உதாரணம். மானிடவியலாளர் மார்க் விட்டேக்கர் தம் நண்பரான அவரைப் பற்றிய நூலை அவருடன் விவாதித்தே உருவாக்கிவந்தார். 2005 ஏப்ரல் 28 இல் சிவராம் கடத்திக் கொல்லப்பட்டார். நூல் 2007 இல் வந்தது.

ஆயினும் பெயரை மறைப்பதே பாதுகாப்பு என்ற பல்கலைக்கழக நெறிக்குழுக்களின் விதி எங்கும் பொருந்துவதில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலருகே வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். சில நாட்களில் வவுனியாவிலும் பந்தல் எழுந்தது. அங்கே தாய்மார் கையில் பிடித்திருப்பது பிள்ளையின் படம். அவர்கள் கேட்பது அந்தப் பெயர் வெளியே வரவேண்டும் என்பதையே.