தூதும் மண்ணும்: சிங்கப்பூரில் சயாமின் இல்லம்

ஆர்ச்சர்ட் சாலையின் உயர்ந்த வணிக வளாகங்களுக்கு நடுவே, மரங்கள் சூழத் தாழ்ந்து நிற்கிறது தாய்லாந்துத் தூதரகம். நாள்தோறும் அதனைக் கடந்து செல்லும் நாம், இத்துணை விலைமதிப்புள்ள மண் ஓர் அயல்நாட்டுக்கு எவ்வாறு உரியதாயிற்று என்று எண்ணிப் பார்ப்பது அரிது. அதற்கு விடை காண 1871ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு மார்ச் 16ஆம் நாள், பதினேழு வயது நிரம்பிய சயாம் மன்னர் சுலாலங்கோர்ன் சிங்கப்பூரில் வந்திறங்கினார். சயாம் மன்னர் ஒருவர் அடிவைத்த முதல் அயல்மண் இதுவே. அதன் நினைவாக அவர் அளித்த வெண்கல யானை 1872இல் நகர மண்டபத்தின் முன் நிறுவப்பட்டது. 1919இல் இடம் மாற்றப்பட்டு, இன்று பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் நிற்கிறது. அதே பயணத்தின் நினைவாகப் பத்தேவியாவும் ஒரு யானையைப் பெற்றது. அது நிற்கும் ஜகார்த்தா அருங்காட்சியகத்தை மக்கள் இன்றும் ‘யானைக் கட்டடம்’ என்றே அழைக்கின்றனர்.

ஆர்ச்சர்ட் சாலை நிலம் 1890களில் அம்மன்னரின் ஆணைப்படி வாங்கப்பெற்றது. அக்காலச் சூழலை நாம் மறத்தலாகாது. மேற்கே பர்மா முழுவதும் ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. 1893இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பாங்காக் வரை வந்தன. மேகோங் ஆற்றின் கிழக்குக் கரையைச் சயாம் இழந்தது. தன் மண்ணை இழந்துகொண்டிருந்த ஓர் அரசு, வல்லரசின் துறைமுக நகரில் விலை கொடுத்து மண் வாங்கியது. படையால் நிலைநாட்ட இயலாத சமநிலையை உறவால் நிலைநாட்டும் முயற்சியாகவே நாம் இதனைக் கருதுகிறோம்.

மொழி ஆய்வாளர் கண்ணுக்கு இங்கே மற்றொரு செய்தியும் புலப்படும். யானையின் பீடத்தில் சயாமியம், ஜாவி எழுத்தில் மலாய், சீனம், ஆங்கிலம் என நான்கு மொழிகள் உள்ளன, தமிழ் இல்லை. ஆயினும், மன்னரின் பெயரிலேயே தமிழர் அறிந்த சொற்கள் இருக்கின்றன. ‘சூளாமணி’ என்னும் காப்பியப் பெயரில் உள்ள ‘சூளா’வும், நாம் நன்கறிந்த ‘அலங்கரணம்’ என்பதும் இணைந்ததே அப்பெயர். தூதரகத்தைத் தாய் மொழியினர் ‘சதான் தூத்’ என்பர். தானமும் தூதும் அதில் உள்ளன. மலாய் மொழியின் ‘கெடுத்தாஆன்’ என்னும் சொல்லுக்கு ‘டூத்தா’ வேர். வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்த ‘தூது’ நமக்கும் உரியது. எல்லைகள் வரையப்படுமுன்பே சொற்கள் தூது சென்றுள்ளன.

நட்பின் வரலாற்றில் நிழலும் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர், 1942-43இல் ஜப்பானியப் படை அமைத்த சயாம் மரண ரயில் பாதையில் மாண்டனர். நம் மூத்தோர் பலருக்குச் ‘சயாம்’ என்பது யானையின் நாடன்று. திரும்பி வாராதோரின் நாடு. இத்துயரை மறைத்து நட்பைப் பேசுதல் முறையன்று. அதனை நினைவிற்கொண்டும் அண்டை நாட்டாரோடு இணங்கி வாழ்தலே முதிர்ந்த உறவு.

விடுதலை பெற்ற சிங்கப்பூர் 1965 செப்டம்பர் 20ஆம் நாள் தாய்லாந்தோடு அரசதந்திர உறவு பூண்டது. ஈராண்டுக்குள் இரு நாடுகளும் பாங்காக்கில் ஆசியான் அமைப்பைத் தோற்றுவித்த ஐந்து நாடுகளுள் அமர்ந்தன. நில விலை உயர்ந்த 1990களில் ஆர்ச்சர்ட் சாலை நிலத்தை விற்கும் எண்ணம் தாய்லாந்து அரசிடம் எழுந்தது; மன்னரின் நினைவுக்கு இழுக்காகும் எனக் கருதி அது கைவிடப்பட்டது.

தூதர் வருவர், செல்வர், உடன்படிக்கைகள் மாறும். தூதர்க்கு அகமாக வாங்கிய மண்ணை விலைபேசாது காப்பது, சொன்ன சொல்லைக் காப்பதை ஒக்கும். ‘தூதரகம்’ என்னும் சொல்லில் உள்ள ‘அகம்’ வீட்டையும் குறிக்கும், நெஞ்சையும் குறிக்கும் என்பதைத் தமிழர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.