உப்பு, கள், கஞ்சா: செங்கல்பட்டுக் கடற்கரையை முன்வைத்து ஒரு சட்டப் பிரிவினையின் வரலாறு

கஞ்சாத் தடையின் வரலாற்றை எழுதும் எவரும் ஜேம்ஸ் மில்ஸைக் கடந்துதான் போகவேண்டும். 2003-இல் வெளிவந்த ‘கன்னாபிஸ் பிரிட்டானிக்கா’ நூலில் அவர் வைக்கும் வாதம் இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று, 1893–94 இந்திய சணல் போதைப்பொருள் ஆணையத்தின் அறிக்கையை நடுநிலையான அறிவியல் தீர்ப்பாகப் படிக்கக்கூடாது. அபினி எதிர்ப்பாளரான டபிள்யூ. எஸ். கெய்ன் காமன்ஸ் சபையில் எழுப்பிய கேள்வியால் பிறந்த ஆணையம் அது. அதன் முடிவு, வருவாயையும் நிர்வாக வசதியையும் காக்க விரும்பிய அரசுக்கு உகந்ததாக இருந்தது. மற்றொன்று, 1925 ஜெனீவா மாநாட்டில் எகிப்து வலியுறுத்தியதால் இந்தியச் சணல், அதாவது கஞ்சா, பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆகவே பிரிட்டனில் இந்தத் தடை மருத்துவ ஆய்வின் விளைவாக வரவில்லை, அரசியல் தற்செயலாக வந்தது.

இரண்டாவது காலைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. முதலாவது, கல்கத்தாவிலிருந்து பார்க்கும்போது உறுதியாகத் தெரிகிறது. செங்கல்பட்டிலிருந்து பார்த்தால் ஆட்டம் காண்கிறது. வங்காளத்தில் நவகாவ் கஞ்சா பெரும் வருவாய் தந்தது. சென்னை மாகாணத்தில் கிருஷ்ணா மாவட்டத்திலும் வடஆற்காட்டு ஜவ்வாது மலையிலும் விளைந்த கஞ்சாவின் வரவு, சாராயமும் கள்ளும் கொட்டிக்கொடுத்த தொகையின் முன் சிறு கணக்கு. காக்கவேண்டிய அளவுக்கு வருவாயே இல்லாத இடத்தில் வருவாய்க் காப்பு என்ற விளக்கம் என்ன செய்யும்? 1,193 சாட்சிகளை விசாரித்த ஆணையம், அளவான பயன்பாட்டால் கேடில்லை, முழுத்தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்றது. ஆனால் இந்திய உறுப்பினர் மூவரில் சசி சேகரேஸ்வர ராய், லாலா நிஹால் சந்த் ஆகிய இருவர் உடன்படவில்லை. தடைக்கான விருப்பம் ஜெனீவாவுக்கு முன்பே இந்தியர்களிடம் இருந்தது என்பதற்கு இந்த மாற்றுக் கருத்தே சான்று. மில்ஸின் கதையில் இதற்குரிய இடம் சிறியது.

சென்னை மாகாணத்தில் நாம் தேடவேண்டிய இடம் உப்பு–ஆப்காரி (ஆயத்தீர்வை) இலாகா. மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளம், தெற்கே மரக்காணம் என உப்பளங்கள் நிறைந்த கரை இது. விளைந்த உப்பு பக்கிங்காம் கால்வாய் வழியே படகேறிச் சென்னைக்குப் போனது. உப்பளத்தைக் காவல் காத்த அதே இலாகாதான் பனந்தோப்பில் கள் இறக்குவதையும் சாராயக்கடை ஏலத்தையும் கஞ்சா உரிமத்தையும் கவனித்தது. 1886-ஆம் ஆண்டின் முதலாம் சட்டமான சென்னை ஆப்காரிச் சட்டம் மதுவையும் போதைப்பொருளையும் ஒரே உரிம முறைக்குள் வைத்தது. இந்தக் கூட்டு மருத்துவக் காரணத்தால் அமைந்ததல்ல. எது வரிக்குரியதோ, எதைக் கள்ளத்தனமாகக் கடத்த முடியுமோ, அது அந்த அதிகாரியின் பொறுப்பு.

1937-இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் அக்டோபர் 1 அன்று சேலத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் முகவுரை மதுவகைகளையும் போதைப்பொருள்களையும் ஒரே மூச்சில் விலக்குகிறது. அதற்கு முன் திருச்செங்கோட்டிலிருந்து ராஜாஜி நடத்திய ‘விமோசனம்’ இதழின் போர் கள்ளோடும் சாராயத்தோடும்தான். கஞ்சாவுக்கு எதிராக ஊர் திரண்ட இயக்கம் எதுவும் அன்று இல்லை. அப்படியானால் கஞ்சா ஏன் சட்டத்துள் வந்தது? ஆப்காரிச் சட்டத்தின் சட்டகத்தை அப்படியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்ததால் வந்தது என்பது என் கருத்து. உரிமம் தரும் சட்டம் எவற்றை ஒன்றாகக் கட்டியதோ அவற்றையே விலக்கும் சட்டமும் கட்டியது. இதற்கு நேரடிச் சான்று இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்; இரு சட்டங்களின் அமைப்பு ஒற்றுமை மட்டுமே என் ஆதாரம். ஆனால் மில்ஸின் வருவாய் விளக்கம் இங்கே முற்றாகத் தோற்கிறது: ஆயத்தீர்வையை வலிந்து இழந்து, 1939-இல் விற்பனை வரியைப் போட்டு அந்த ஓட்டையை அடைத்த அரசு இது.

இந்தக் கூட்டு எப்போது பிரிந்தது? போதைப்பொருள்கள் பற்றிய 1961 பன்னாட்டு ஒற்றை ஒப்பந்தமும் இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டமும் என்பதே வழக்கமான விடை. நான் அதற்கு முந்தைய பாட வேறுபாடு ஒன்றைச் சுட்ட விரும்புகிறேன். 1935 இந்திய அரசுச் சட்டத்தின் மாகாணப் பட்டியலில் 31-ஆம் இனம் மதுவகைகளையும் போதைப்பொருள்களையும் சேர்த்தே குறிப்பிட்டது. அபினி, நச்சுப்பொருள் போன்றவற்றுக்கு மட்டும் வேறு பட்டியல்களின் வரம்பு உண்டு. 1950 அரசியலமைப்பில் அதன் வழித்தோன்றல் மாநிலப் பட்டியலின் 8-ஆம் இனம். சொல்லமைப்பு ஏறக்குறைய அதுவே; போதைப்பொருள்கள் மட்டும் உதிர்ந்துவிட்டன. மருந்துகளும் நச்சுப்பொருள்களும் பொதுப்பட்டியலின் 19-ஆம் இனமாக நின்றன. மது மாநிலத்தின் சொந்தப் பொருளாயிற்று. கஞ்சா மத்திய அரசும் கைவைக்கக்கூடிய பொருளாயிற்று.

பிரிவினை முழுமையாக நடக்கவில்லை. மாநிலப் பட்டியலின் 51-ஆம் இனத்தைப் பாருங்கள். ஆயத்தீர்வை விதிக்கும் அதிகாரம் பற்றிய அந்த இனம் இன்றும் மதுவோடு அபினியையும் இந்தியச் சணலையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. உப்பு–ஆப்காரி இலாகாவின் எச்சம் அது. சட்டமியற்றும் அதிகாரத்தில் பிரிந்த இரண்டும் வரி விதிக்கும் அதிகாரத்தில் பிரியவில்லை. அரசியலமைப்பின் 47-ஆம் உறுப்பு இதை மேலும் சிக்கலாக்குகிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபை விவாதித்துச் சேர்த்த மதுவிலக்கு வாசகம் அதில் இருக்கிறது. உடல்நலத்துக்குக் கேடு என்ற நிபந்தனை அங்கே மருந்துப்பொருள்களுக்கு மட்டுமே ஒட்டியுள்ளது. பானங்களுக்குப் போதை தந்தாலே போதும். எழுத்தின்படி மதுவைத் தடுப்பது எளிது, கஞ்சாவைத் தடுக்கக் கேட்டை நிறுவவேண்டும். நடந்தது நேர்மாறு.

1971 ஆகஸ்ட் 30 அன்று கருணாநிதி அரசு மதுவிலக்கை நிறுத்திவைத்தது, 1974-இல் மீட்டது, 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு மறுபடி திறந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் ஏகபோகமாயிற்று. இவை அனைத்தும் அந்த 1937 மதுவிலக்குச் சட்டத்தை நீக்காமலே நடந்தவை. 8-ஆம் இனம் மாநிலத்தின் கையில் இருந்ததால் அது முடிந்தது. கஞ்சாவுக்கு அந்த வாசல் இல்லை என்று சொல்வது சற்று மிகை. 1971-இல் மாநிலச் சட்டத்தின் பிடியையாவது தளர்த்தியிருக்கலாம். தளர்த்தக் கேட்போர் இல்லை, தளர்த்தினால் வரக்கூடிய வருவாயும் இல்லை. இங்கே மில்ஸுக்கு ஒரு பகுதி வெற்றியைக் கொடுத்தாக வேண்டும்: மதுவுக்குத் திறந்த கதவை வருவாய் விளக்குகிறது, கஞ்சாவுக்கு மூடிய கதவை அது விளக்குவதில்லை. 1985 சட்டம் வந்தபோது, உரிமக் கடைகளில் கஞ்சா விற்ற வட மாநிலங்களுக்கு அது புதிய தடை. தமிழ்நாட்டுக்குத் தண்டனையின் கடுமை மட்டுமே புதிது.

விளைவைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அளந்து பார்க்கலாம். 2016 டிசம்பரில் கே. பாலு வழக்கில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. மாநில நெடுஞ்சாலை 49 ஆக இருந்த இந்தச் சாலையும் அதில் அடங்கியது. 2017 மார்ச்சில் சிற்றூர்களுக்கு அது 220 மீட்டராகக் குறைந்தது. மதுவை அரசு தூரத்தாலும் நேரத்தாலும் கட்டுப்படுத்துகிறது. கஞ்சாவை எடையால் தண்டிக்கிறது. ஒரு கிலோ வரை சிறு அளவு, இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டுச் சிறை. 2023–24-இல் டாஸ்மாக் வருவாய் 45,855 கோடி ரூபாய். 2010-இல் டேவிட் நட் குழு ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கேட்டு மதிப்பீட்டில் மதுவுக்கு 72, புகையிலைக்கு 26, கஞ்சாவுக்கு 20. அது பிரிட்டனின் நிலைமையை வைத்து நிபுணர்கள் இட்ட மதிப்பெண். பயன்படுத்துவோர் தொகையும் அதில் கலந்துள்ளது. வரிசையை ஏற்கலாம், இடைவெளியை அப்படியே செங்கல்பட்டுக்குப் பெயர்க்கலாகாது.

இந்த விவாதத்தில் 2023 மே மாதச் சாவுகளை இழுப்பது வழக்கமாகிவிட்டது. மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் மதுராந்தகம் வட்டத்துச் சித்தாமூர்ப் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவற்றைச் சட்டபூர்வ மதுவின் கணக்கில் எழுதுவது பிழை. அவர்கள் குடித்தது தடைசெய்யப்பட்ட சரக்கு. அந்தச் சாவுகள் தடையின் பேரேட்டில் சேரவேண்டியவை. அதுபோலவே 1894 ஆணையத்தின் சொல்லை இன்றைய கஞ்சாவுக்கு நற்சான்றாக நீட்டுவதும் பிழை. ஆணையம் கண்ட சரக்கின் வீரியம் வேறு. இளவயதினர் மனநலம் பற்றிய இன்றைய மருத்துவ அறிவும் அதனிடம் இல்லை.

ஆக, முரண்பாட்டின் தொடக்கத்தை நான் 1961-இலோ 1985-இலோ வைக்காமல் 1950-இல் வைக்கிறேன். உதிர்ந்த சொற்கள் கொள்கை முடிவால் உதிர்ந்தவையா, பட்டியல்களைச் செப்பனிட்டபோது இடம்மாறியவையா என்பதை இறுதிப் பாடத்தை மட்டும் வைத்துத் தீர்க்க இயலாது. இரண்டாவதே எனக்கு நிகழத்தக்கதாகப் படுகிறது. அது சரியானால், மில்ஸ் ஜெனீவாவில் கண்ட தற்செயல் நமக்கும் உண்டு; இடம்தான் வேறு. 2020 டிசம்பரில், ஒற்றை ஒப்பந்தத்தின் நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்க 27-க்கு 25 என்று நடந்த வாக்கெடுப்பில் இந்தியா நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. பன்னாட்டு நெருக்கடிதான் நம் தடைக்குக் காரணம் என்போர், அந்த நெருக்கடி தளர்ந்த பிறகும் தடை தளராததற்கு விளக்கம் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் இந்தக் கரையில் ஒரே இலாகா காத்த பொருள்களில் உப்பு 1947-இல் வரி நீங்கி விடுபட்டது, சீமைச் சரக்கு அரசின் கடைக்குப் போனது, கள் 1987 முதல் தடையில் இருக்கிறது, கஞ்சா சிறைக்கு உரியதாயிற்று. கேட்டின் அளவு இவற்றில் எதன் விதியையும் தீர்மானிக்கவில்லை.